ஒரு வரி குறைந்த பலகை

ஒரு செருப்பை வாசலில், இன்னொன்றை வேறெங்கோ உதறிவிட்டு, நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போடுகிறார் நாடகக்கா. தூக்கி வைக்க மாட்டார். தரையில் கறகறவென்று இழுத்தால்தான் அவருக்குத் திருப்தி. "சத்தம் கேட்டாத்தான் கீழ இருக்கிறவங்களுக்கு நாம உசுரோட இருக்கோம்னு தெரியும்" என்பார். கீழே இருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் இதைக் கேட்டு மகிழ்ந்ததாகத் தகவல் இல்லை.

இந்த நீள அறைதான் ஒரு சின்னக் கலை அறக்கட்டளைக்கு இருக்கும் ஒரே இடம். துணையை இழந்தவர்கள், வேலை போனவர்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் மாலையில் படியேறி வருகிறார்கள். அவர்களை ராஜாவாக, திருடனாக, முட்டைக்கோசாக நடிக்க வைப்பது இவர் வேலை. 'நாடகக்கா' என்பது அவர்கள் வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், நாடகக்காவுக்கு நடிக்கவே வராது. பொய் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிடும். முன்பு இருந்த நாடகக் குழு இவரை வெளியே அனுப்பியதே, பிணமாகப் படுத்திருந்தபோது சிரித்துவிட்டதால்தான்.

"மூஞ்சியில துணியப் போட்டா மூக்கு கூசாதா? பொணத்துக்கும் மூக்குதானே?" என்று இன்றைக்கும் நியாயம் கேட்கிறார்.

வாசல் பலகையில் 'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று எழுதச் சொல்லியிருந்தார். பலகை சிறியது, ஒரு வரிதான் பிடிக்கும் என்றார் எழுதுகிறவர். "முதல் வரி போதும். மிச்சந்தான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டார். நகராட்சிக்குத் தெரியவில்லை. 'வாய்விட்டுச் சிரித்தால்' என்பதை மட்டும் படித்துவிட்டு, இது கேளிக்கைக் கூடம் என்று கடைகளுக்குரிய வரியைப் போட்டுவிட்டது. நலவாழ்வுச் சேவைக்கு விலக்கு உண்டு, கேளிக்கைக்குக் கிடையாது. அந்த வரி நிலைத்தால் அறையை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"போர்டுல ஒரு வரி கொறச்சேன். தலையில ஒரு வரி ஏத்திட்டாங்க" என்று சிரித்தார். அங்கே கூடமாட ஒத்தாசை செய்யும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் சேவை, சிரித்துக்கொண்டு எழுந்தால் கேளிக்கை என்று எந்தப் புண்ணியவான் பிரித்தானோ!

நகராட்சி அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் அறக்கட்டளையின் ஆடிட்டர் ஓடி வந்தார். "அக்கா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. எல்லாரும் நோயாளி மாதிரி இருங்க."

வேஷம் என்று கொடுத்துவிட்டால் இவர்கள் விடுவார்களா? ஒருவர் முனகினார். ஒருவர் விடாமல் இருமினார். ஓய்வுபெற்ற தபால்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து, நானே ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். நாடகக்கா உதட்டைக் கடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தபால்காரர் பக்கம் குனிந்து, "ஐயா, உடம்புக்கு என்ன?" என்று பரிவோடு கேட்டார். மனைவி போனபின் ஒரு வருஷம் வாசலுக்கே வராமல் கிடந்தவர் தபால்காரர். மருமகள்தான் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்தாள்.

"உடம்புக்கா? ஒண்ணுமில்லையே சார்!" வேஷம் மறந்துபோனது. "அந்தச் சீக்கெல்லாம் வீட்டோட சரி. இங்க நான்தான் முட்டைக்கோஸ்!"

அறையே வெடித்துச் சிரித்தது. இருமியவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஆடிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் தபால்காரருக்கு உறைத்தது. குற்றம் செய்தவர்போல வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஒவ்வொருவராகச் சிரிப்பை விழுங்கினார்கள்.

அதிகாரி நாடகக்காவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. சிகிச்சைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடறேன். இங்க நடக்கறது சிகிச்சையா, கேளிக்கையா?"

ஆடிட்டர் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, 'சிகிச்சை, சிகிச்சை' என்று சத்தமில்லாமல் வாயசைத்தார்.

நாடகக்கா வட்டத்துக்குள் போய், தபால்காரரின் வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்து, கீழே இறக்கிவிட்டார்.