அப்பாவின் பிஸ்கட் டின்

செல்லூரில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் என்மேல் பொறாமை. நினைத்த நேரத்தில் நினைத்த வண்டியை எடுத்துக்கொண்டு இவள் வைகைக்கரை வரை போய்வருவாள் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். உண்மையில், குட்டி சைக்கிளை அரைமணி நேரம் ஓட்ட நானும் நாலணா கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அப்பாவின் கண்ணுக்கு நான் யார் வீட்டுப் பிள்ளையோ.

கடைக் காசு ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சர் ஒட்டும் அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அப்பா தனக்கும் ஒரு சம்பளம் எடுத்து அம்மாவிடம் தருவார். நடுவில் வீட்டில் எண்ணெய் தீர்ந்துபோனாலும் டின்னில் கை வைக்கமாட்டார். எனக்கு மண்டை குடைந்தது. அம்மா தரும் நாலணாவை நான் அப்பாவிடம் கொடுக்கிறேன். அது சுற்றிக்கொண்டு அம்மாவிடமே வருகிறது. எதற்கு இந்த வெட்டி வேலை? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நீ ஓட்டுனா மட்டும் டயர் தேயாதாக்கும்?” என்றார் அப்பா. அதோடு சரி.

அம்மாவின் அண்ணன் அப்படியில்லை. திருமங்கலத்தில் மாமாவுக்கும் சைக்கிள் கடை, எங்களுடையதைவிடப் பெரியது. அப்பாவே முதலில் அங்கே வேலை பார்த்தவர்தான். நாங்கள் போனால் மாமா கல்லாவைத் திறந்து எண்ணாமல் அள்ளுவார். புரோட்டா, சினிமா எல்லாம் உண்டு. சொந்தக்காரர் யார் கேட்டாலும் வண்டி சும்மா போகும். முதலாளி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! கடைசி மாதங்களில் அப்பாவுக்கு அங்கே சம்பளமே வரவில்லை என்று அம்மா முணுமுணுத்தது என் காதில் ஏறவில்லை. பிறகு அந்தக் கடையும் மூடிக்கொண்டது. அத்தையும் பிள்ளைகளும் அத்தையின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலையில் மாமா தேய்த்த சட்டையோடு எங்கள் கடைக்கு வந்தார். ஏதோ மில்லில் ஆள் எடுக்கிறார்களாம். வேலை கிடைத்தால்தான் அத்தையைத் திரும்பக் கூப்பிடமுடியும்.

“ஒரு வண்டி குடுங்க மாப்ள, பாத்துட்டு வாரேன்.”

அப்பா இருப்பதிலேயே நல்ல வண்டியாக எடுத்து, காற்றடித்து, சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒருநாள் வாடகையை எடுத்து டின்னில் போட்டார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. மாமாவை வைத்துக்கொண்டா இதைச் செய்வது?

மாமா கோபப்படவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பழக்கத்த எங்க மாப்ள கத்துக்கிட்டீங்க?”

அப்பா தெருவைப் பார்த்தார். “ஒங்க கடையிலதான் மச்சான்,” என்றார் மெதுவாக.

 மாமா வண்டியில் ஏறாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டே போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கே தொழில் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா! அன்று பள்ளிக்கூடம் முழுக்க இதே பேச்சுதான். சாயங்காலம், வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மாமா வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பாவுக்கு எல்லாமே நீங்கதான் கத்துக்குடுத்தீங்களா மாமா?”

“ஆமா தாயி,” என்று என் தலையைத் தடவினார். பிறகு டின்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷக் கண்ணீர் என்றுதான் நினைத்தேன்.