அந்த ஷாக் எப்போது செத்தது

நீங்கள் எனக்குக் கொடுத்த சைக்கிளின் பின் ஷாக், குலுக்கலைத் தாங்கும் அந்த ஷாக் அப்சார்பர், அப்போதே செத்துப்போயிருந்தது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே என் தலையில் கட்டினீர்கள். பிறகு நான்தான் அதைக் கெடுத்தேன் என்று படம் எடுத்து எல்லோருக்கும் காட்டினீர்கள்.

நடந்தது தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் வரும் குழுவுக்கு நீங்கள் தலைவர். நான் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு குப்பத்துக்காரன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர் நகராதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. வேலைக்குப் போவதும் வருவதும் என் அப்பாவின் பழைய சைக்கிளில்தான். கியர் கிடையாது. மணி கிடையாது. டிரெய்லர் லாரிகள் உடைத்துப்போட்ட சாலையில், மணல் மூடிய இடத்தில் இறங்கித் தள்ளி, மறுபடி ஏறி மிதித்துப் பழகியவன்.

ஒரு மார்கழி ஞாயிறு காலை. இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வாடைக்காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. உங்கள் கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒரே சட்டை. நான் தாண்டிப் போனேன். போட்டியெல்லாம் இல்லை, எனக்குத் தூக்கம் வந்தது. பாலத்தடி டீக்கடையில் நீங்கள் வந்து பிடித்தீர்கள்.

"ப்ரோ, எந்த கிளப்?" என்றீர்கள்.

என் கூட்டாளி பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். இன்றும் ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன். நான் துறைமுகத்தில் சேர்ந்ததிலிருந்து என்னை மனிதனாகவே மதிப்பதில்லை. அவன்தான் பதில் சொன்னான்: "கிளப்பா? இவன் பேஜார் கிளப்பு சார். போர்ட்டுல கம்பி கட்டிக் கட்டி மூளையையும் சேத்துக் கட்டிக்கினான்."

நீங்கள் சிரித்தீர்கள். என் தோளில் தட்டி, "இந்த வண்டிலயே இப்படின்னா, நல்ல பைக் கிடைச்சா எங்கேயோ போயிடுவீங்க ப்ரோ" என்றீர்கள். நான் மயங்கினேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. நாற்பது வயதில், பிளாஸ்டிக் பாட்டிலை ஏரிக்கரையில் எறிந்துவிட்டுப் போகிற ஒருவர் தோளில் தட்டியதற்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறே நெடுந்தூரச் சவாரி பற்றிச் சொன்னீர்கள். விடியலில் பழவேற்காடு கடைத்தெருவில் கிளம்பி, திருப்பாலைவனம், பொன்னேரி, தடா, சூளூர்பேட்டை என்று நாயுடுபேட்டை வரை போய், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இருநூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். குப்பத்திலிருந்து முதலில் நான். நான் முடித்துக் காட்டினால் அடுத்ததில் என் கூட்டாளிக்கு இடம். இது உங்கள் வாயால் சொன்னது. அவன் அன்றிலிருந்தே கேரியரில் இருந்த மீன் ஐஸ் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தான். வெளியே கேலி பேசினாலும் அவனுக்கு ஆசை. எனக்குத் தெரியும்.

வண்டி பார்க்கச் சென்னையில் நீங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கே எங்களை அனுப்பினீர்கள். மெல்லிய டயர் வண்டி, முன்னால் மட்டும் ஷாக் வைத்த வண்டி, முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலை வண்டி என்று சுவரெல்லாம் தொங்கியது. அங்கே இருந்த மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்.

"எந்த ரோட்ல ஓட்டப் போறீங்கண்ணா?"

"தார் ரோடு. பாதி ஹைவே."

"அப்ப பின்னாடி ஷாக் எதுக்கு? நீங்க மிதிக்கிறதுல ஒரு பங்க அதுவே சாப்ட்டுரும். மலைல கல்லு மேல எறங்குறவனுக்கு அது வேணும். உங்களுக்கு வெயிட்டு கம்மியா, டயர் கொஞ்சம் தடிப்பா, ஷாக்கே இல்லாத வண்டி போதும். பாட்டில் மாட்டலாம், பை மாட்டலாம். ஒரு நாள் முழுக்க ஓட்டுறவனுக்கு அதான் முக்கியம்."

உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் கேட்கவில்லை. அந்த மலை வண்டியின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கி எழுந்தது. கடலில் பிறந்தவன் புத்தி அங்கேதான் போனது. அலையில் விறைப்பாக நிற்பது உடையும், கொஞ்சம் வளைந்து கொடுப்பது நிற்கும். கட்டுமரத்தை ஆணி அடிக்காமல் கயிறு போட்டுக் கட்டுவதே அதனால்தான். சாலையும் அப்படித்தான் என்று நினைத்தேன். படகை அலை தூக்கும், சைக்கிளை என் கால்தான் தள்ள வேண்டும் என்று யோசிக்கவில்லை.

கடை வாசலில் நின்று உங்களுக்குப் போன் செய்தேன். "கடைக்காரன் ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பான் ப்ரோ. லாங் ரைடுக்கு முதுகு முக்கியம். ஃபுல் சஸ்பென்ஷன்தான். என்கிட்டயே ஒண்ணு சும்மா இருக்கு, புதுசு எதுக்கு?" என்றீர்கள். மூன்று மாத ஓவர்டைம் பணம் உங்களிடம் வந்தது.

வண்டியைக் காரில் கொண்டுவந்து குப்பத்தில் இறக்கினீர்கள். பின் ஷாக்குக்குள் இருப்பது காற்று என்று அன்றுதான் எனக்குத் தெரியும். சின்னப் பம்பு ஒன்றை எடுத்து நீங்களே காற்று ஏற்றினீர்கள். பம்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். என் கூட்டாளி ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தான்.

"மச்சான், ஷோக்கா கீதுடா. மாமியார் ஊட்டு மெத்தையாட்டம். இதுல உக்காந்தா நாயுடுபேட்டை இல்ல, கல்யாண ஊர்வலந்தான் போவலாம்."

சுண்ணாம்புக்குளம் வரை போய் வந்து பழகினேன். முதல் வாரம் சீட்டு உயரமாக இருந்தது. இரண்டாவது வாரம் கொஞ்சம் தாழ்ந்தது. மூன்றாவது வாரம் வண்டியே பின்னால் குந்தி, மிதி தரையைத் தொடப் பார்த்தது. உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்னது இது: "அது உங்க பாடிக்கு செட் ஆகுது ப்ரோ." நான் நம்பினேன். இன்னும் தாழ்ந்தபோது பொன்னேரியில் கார் டயருக்குக் காற்று அடிக்கும் கடையில் கேட்டதற்கு, இதற்கு வேண்டிய அவ்வளவு அழுத்தத்தில் காற்று எங்களிடம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்ப உங்களிடமே கேட்டேன். சவாரி அன்று காலை ஏற்றித் தருவதாகச் சொன்னீர்கள்.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். மறைக்கவில்லை. கடலோரத்தில் இரும்பு வைத்திருப்பவன் துடைக்காமல் இருக்க மாட்டான். படகு இன்ஜினைக் கரைக்குக் கொண்டுவந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, டீசல் நனைத்த துணியால் ஒரு இடுக்கு விடாமல் துடைப்போம். இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். அதே துணி, அதே டீசல். சைக்கிளை அப்படித்தான் தினமும் துடைத்தேன். சக்கரத்தில் இருக்கும் பிரேக் தட்டையும் சேர்த்துத் துடைத்தேன். அதில் எண்ணெய் படக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டீசலில் மணல் ஒட்டி, பின் இணைப்புகளில் எல்லாம் அழுகிய மீன் குடல் மாதிரி கறுப்பாக ஒரு சகதி சேர்ந்தது. அது என் தப்பு.

சவாரி அன்று விடியலில் காற்று ஏற்றிக் கொடுத்தீர்கள். பொன்னேரி வரை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் வண்டி அமுங்கி அமுங்கி எழுந்தது. மெல்லிய டயர்காரர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். தடாவில் ஷாக் முழுக்கத் தாழ்ந்துவிட்டது. மிதி தரையில் உரசியது. முழங்கால் இரண்டும் எரிந்தன. பிரேக் பிடித்தால் கழுதை கத்துவதுபோல் சத்தம் வந்ததே தவிர, வண்டி நிற்கவில்லை. சூளூர்பேட்டைக்கு வந்தபோது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

அங்கே நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். வண்டியைக் குனிந்து பார்த்தீர்கள், மோந்து பார்த்தீர்கள். பிறகு போனை எடுத்தீர்கள்.

"கைஸ், இங்க பாருங்க! டீசல்! டீசல் போட்டுத் துடைச்சிருக்கார்! ஷாக் போயிடுச்சு. பைக்கா, மோட்டார் படகா ப்ரோ இது?"

எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் வலியில் நானும் பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பும் படத்தில் இருக்கிறது. இறால் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்த ஒரு வண்டியில் சைக்கிளைப் போட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்தீர்கள்: நல்ல வண்டி, அறியாமையால் பாழானது, குப்பத்து நண்பர்கள் முதலில் பராமரிப்பைக் கற்றுக்கொள்ளட்டும், இப்போதைக்கு அவர்களுக்கு இடமில்லை. என் கூட்டாளியின் பெயரை அடுத்த சவாரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஒரு நாளும் டீசல் துணியால் சைக்கிளைத் துடைக்காதவன் அவன். அவனுக்குச் சைக்கிள் துடைக்கும் பழக்கமே கிடையாது.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். ஐஸ் பெட்டியை மறுபடி கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே, "உடுறா. அவுனுங்களுக்கு நம்ம கிட்ட இறா வாசன புடிக்கும், டீசல் வாசன புடிக்காது" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நீ நெசமாவே அத்த கெடுத்துட்டியா?" என்று கேட்டான்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் சைக்கிளைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதே கடை, அதே மெக்கானிக். வண்டியைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இது உங்க கிட்டயா வந்துச்சு? இது ரெண்டு தடவ என் கைல ஏறி எறங்குன வண்டிண்ணா. உள்ள கம்பில கீறல் கீது, காத்து நிக்காது, ஷாக்கையே மாத்தணும்னு அவர் கிட்டயே சொன்னேன். இப்ப காத்து மட்டும் அடி, தள்ளி விட்டுடறேன்னாரு."

"நான் டீசல் போட்டேனே?"

"டீசலால உங்க பிரேக்கு போச்சு. அது உங்க கணக்கு. ஷாக்கு அவரு கணக்கு." ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தபடி, "என் பேர இழுக்காதீங்கண்ணா, அவரு கூட்டிட்டு வர்ற ஆளுங்களாலதான் கடை ஓடுது" என்றார்.

பம்பை ஏன் கையோடு எடுத்துப் போனீர்கள் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. என்னிடம் பம்பு இருந்திருந்தால் தினமும் காற்று இறங்குவதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

மெக்கானிக் பெயரை நான் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. உங்களுக்கே தெரியும், உங்கள் குழுவுக்கும் தெரியும்.

எங்கள் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை உண்டு. பாடு என்போம். அடுத்தவன் பாடு இருக்கும் இடத்தில் வலை போட்டவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, ஆமாம் செய்தேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். என் கூட்டாளியே ஒரு முறை நின்றிருக்கிறான். வெட்கத்தில் காது சிவந்து நின்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான், மறுநாள் தன் பாடு வந்த இடத்தில் வலை போட்டான். அதோடு முடிந்தது. தனியாகப் போய் ஒருவர் காதில் மன்னிப்புக் கேட்பது எங்களிடம் செல்லாது.

உங்களுக்கு ஊர்க்கூட்டம் அந்தக் குழுதான். என் பங்கை நான் இங்கே சொல்லிவிட்டேன்: பிரேக்கைக் கெடுத்தது நான். இப்போது உங்கள் முறை. சிரிக்கிற என் முகத்தைப் போட்டீர்களே, அதே படத்துக்குக் கீழே, அத்தனை பேரும் பார்க்க எழுதுங்கள். அந்த ஷாக்கை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தருவதற்கு முன்பே உங்களிடம் சொன்னார்களா, இல்லையா? சொன்னார்கள் என்றால், என் கூட்டாளியின் பெயரை எந்தக் குற்றத்துக்காக எடுத்தீர்கள்? எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், போன் செய்ய வேண்டாம். அங்கே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.