காத்துக்காரர் வாங்கிய ஜீப்

என் அப்பாவை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெயின் ரோட்டில் டயர் கடை வைத்துக் காற்றடித்து, பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவர் என்பதால் அவர் காத்துக்காரர். நான் காத்துக்காரர் பொண்ணு. தபால்காரர் ஒருமுறை அம்மாவைக் காத்துக்காரம்மா என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தொழிலில் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரே அச்சில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் மாட்டித் தரமாட்டார். "ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூவா? ரெண்டையும் மாத்து, இல்ல வேற கடையைப் பாரு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் பிறகு அவரிடமே வந்து நின்றதால், டயர் விஷயத்தில் தனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

மலைமேல் கல்குவாரியில் லாரிகள் அடிக்கடி டயர் வெடித்து நின்றுபோகும். ஒரு ஜீப் இருந்தால் கம்ப்ரஸரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேலேயே போய் வேலையை முடித்துவிடலாம் என்று அப்பா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் பெரிய டயர் கடை ஒன்று வந்த பிறகு அந்த ஆசை தேவையாகவே மாறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாட்டு டாக்டரம்மா தன் ஜீப்பை விற்கப்போவதாகத் தெரிந்தது. மலையடிவாரப் பண்ணைகளுக்கெல்லாம் அவர் அதில்தான் போய்வந்தார். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறார். சாவியைக் கொடுக்கும்போது அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லிவரைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அது சேற்றுக்கும் சரளைக்கும்தான், தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, டயர் மாற்றினால் நாலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முதலாவதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அப்பா, இரண்டாவதற்குச் சிரித்துவிட்டார்.

"டயரைப் பத்தி எனக்கேவா டாக்டரம்மா?"

அவரும் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன இரண்டு பெரிய டயர்கள் கடையில் கிடந்தன. பாரம் பின்னால்தானே என்று மறுநாளே அவற்றை ஜீப்பின் பின்பக்கம் மாட்டினார் அப்பா. முன்னால் டாக்டரம்மாவின் பழைய டயர்கள். ஒவ்வொரு அச்சிலும் ஜோடி கச்சிதமாக இருந்தது. அவருடைய கணக்கு அதோடு முடிந்தது. மாமா, அம்மாவின் தம்பி, வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். "என்ன மச்சான், பின்னாடி தூக்கிட்டு நிக்குது? ஜீப்பு எதையோ தொலைச்சுட்டு குனிஞ்சு தேடுற மாதிரி இருக்கே" என்றார். அப்பா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

குவாரிக்குப் போய்வரத் தொடங்கிய சில நாட்களிலேயே வண்டி முரண்டு பிடித்தது. மேலே ஏறிய பிறகு குட்டி லிவர் பழைய இடத்துக்கு வர மறுத்தது. அப்பா குதிகாலால் உதைத்துப் பார்ப்பார். வராவிட்டால் அப்படியே தார் ரோட்டில் ஓட்டி வந்துவிடுவார். வளைவுகளில் ஜீப் நொண்டுகிற ஆடு மாதிரி துள்ளியது. அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நாளாக ஆக முனகல் உறுமலாகி, ஒரு மத்தியானம் மலையின் கடைசி வளைவில் பெரிய சத்தத்தோடு எல்லாம் நின்றுபோனது. லாரி ஒன்றில் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். கடைவீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. எதிர்ச்சாரிக் கடைக்காரரும் வெளியே வந்து நின்று பார்த்தார்.

அப்பா நேராக டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பினார். கூடவே போ, கத்தவிடாதே என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் எதையும் தடுக்கக்கூடிய ஆள் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும்.

முன்னறை பெஞ்சில் ஆடு, நாய், கோழிக்கூடையோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாசல் நிலையிலேயே நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். வண்டியின் நோயை மறைத்துத் தன் தலையில் கட்டிவிட்டார் என்றார். படித்தவர் என்று நம்பியது தன் தப்பு என்றார். கடைசியாக, "வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பாக்குற கையி, வாயுள்ளவனை ஏமாத்துதே" என்றார்.

டாக்டரம்மா ஊசியை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பிரிச்சு வேற பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பினார். பெஞ்சில் ஆட்டோடு இருந்தவர், "அப்படியா சங்கதி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் மாமா கடைவீதி முழுக்கச் சொல்லி மிச்ச வேலையை முடித்துவிட்டார். ஊரே பேசியது.

பிறகுதான் ஒர்க்ஷாப்பில் வண்டியைப் பிரித்தார்கள். கழற்றிய நாலு சக்கரங்களையும் அப்பா கடைக்குக் கொண்டுவந்து சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். மெக்கானிக் போனில் விவரம் சொன்னார். எஞ்சினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில் பல்லெல்லாம் உதிர்ந்துவிட்டது, பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற ஷாஃப்டின் இணைப்பும் உடைந்துவிட்டது, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடியது போல இருக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்றார்.

அப்பா போனை வைத்துவிட்டுச் சுவரோரம் பார்த்தார். எழுந்து போய் முன்சக்கரத்தின் உச்சியில் உள்ளங்கையை வைத்து, அப்படியே பின்சக்கரத்தின் பக்கம் நகர்த்தினார். கை டயரில் முட்டி நின்றது. மேலே ஏற்றி வைத்துப் பார்த்தார். மறுபடியும் இறக்கினார். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்துக்குச் சின்னது கூடுதலாகச் சுற்ற வேண்டும். லிவர் நாலையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால், வித்தியாசம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்து, காற்றுக் குழாயைச் சுருட்டினார், பிரித்தார், திரும்பவும் சுருட்டினார்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தம்மா வாசலில் உட்காரலாம் என்றார்.

"விடு மாப்ளே" என்றார் அப்பா.

"எப்படி மச்சான் விட முடியும்?"

"விடுன்னா விடு."

மாமா நெகிழ்ந்துபோனார். ஏமாந்த மனுஷன் எவ்வளவு பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்று அதையும் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார். கடைக்கு வந்தவர்கள் அப்பாவின் கையைப் பிடித்து, உங்க மனசு யாருக்கு வரும் என்றார்கள். அப்பா அந்தக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் கார்க்காரர் ஒருவர் ஒற்றை டயர் மட்டும் மாற்றச் சொன்னபோது, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டிக் கொடுத்தார். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, "வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

டாக்டரம்மா வீட்டுப் பெஞ்ச் காலியாக இருந்தது. அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவசரமாக வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

"என்ன, பிரிச்சாச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ஆச்சு. ஆளுங்க வரட்டும் டாக்டரம்மா. உக்காந்திருக்கேன்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பெண் நாயோடு வந்தாள். அன்று இருந்த ஆட்டுக்காரர் வந்தார். கோழிக்கூடை வந்தது. பெஞ்ச் நிறைந்ததும் அப்பா எழுந்தார்.

"அன்னிக்கு இங்க நின்னு, இந்தம்மா என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொன்னேன். வண்டி நல்ல வண்டி. முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னு டயர் மாட்டி நான்தான் கெடுத்தேன். நாலையும் சேத்து மாத்துங்கன்னு இவங்க சொன்னாங்க. நான் சிரிச்சேன்." நிறுத்தினார். "டயர் கடைக்காரன் நான்."

ஆடு கத்தியது. டாக்டரம்மா பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் இன்னிக்கு வரலையே" என்றார்.

அப்பா பெஞ்சைப் பார்த்தார். "நாளைக்கும் வர்றேன்."

டாக்டரம்மா ஆட்டுக்காரரிடமிருந்து கயிற்றை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்தார். "வர்றதா இருந்தா சும்மா உக்காராதீங்க. இதோட பின்னங்கால் ரெண்டையும் சேத்துப் பிடிங்க. ஒண்ணை மட்டும் பிடிச்சா உதைக்கும்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அப்பா மண்டியிட்டு இரண்டு கால்களையும் பிடித்தார். தேய்த்த சட்டையில் சாணி பட்டது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.