காந்தப் பெட்டிக்குள் நான் ஊற்றிய தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் லூனாஸ் ஊரில் சொந்தப் பட்டறை போட்டேன். குருண் ஊரில் காய்கறிக் கடைக்குக் குளிர் அறை கட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டு ஏர்கோனும் என் கை பட்டுத்தான் ஓடுகிறது. கடைசியாகச் செய்தது காந்தப் பெட்டி.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் என் மகள்தான் கேட்டாள். கேஸும் கம்ப்ரஸரும் இல்லாமல் குளிரூட்டும் பெட்டி அது. கலப்பு உலோகத் தகடுகள் காந்தத்துக்குள் போனால் சூடேறும், வெளியே வந்தால் குளிரும். அந்தக் குளிரைத் தண்ணீர் எடுத்துப் போகும். தகடுகளைச் சுற்றும் சக்கரம், பம்பு, பெட்டி எல்லாம் என் வேலை. திங்கட்கிழமை ஆராய்ச்சிக்குப் பணம் தரும் ஆலைக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால்தான் அவள் ஆராய்ச்சி தொடரும்.

பூசை போடாமல் எந்த மிஷினையும் நான் ஓட்டியதில்லை. வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, இரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பெட்டியின் தண்ணீர்த் தொட்டியிலேயே பிழிந்துவிட்டேன். திருஷ்டியும் போகும், தொட்டியும் சுத்தமாகும் என்று நினைப்பு.

ஞாயிறு காலை தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருந்தது.

“அப்பா, உள்ள என்ன ஊத்துனீங்க?”

“பூச போட்டேம்மா. ரெண்டே பழம்.”

“அந்தத் தகடுல முக்காவாசி இரும்பு லா! புளிப்பு பட்டா அரிச்சிரும். வேற தகடும் கிடையாது.”

அவள் அழவில்லை. குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விட்டாள்.

புளிப்பு முறியச் சோடா மாவு கரைத்துக் கழுவினேன். நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். பிறகு, லோரி ரேடியேட்டரில் துரு பிடிக்காமலிருக்க ஊற்றும் பச்சை நிறத் தண்ணீரை எடுத்தேன்.

“அதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. துரு வராதுன்னு தெரியும்.”

“முதல்ல கப்புல பாப்போம். தொட்டிகிட்ட போகாதீங்க.”

உடைந்த தகட்டுத் துண்டு ஒன்றை அந்தத் தண்ணீர் ஊற்றிய கப்பில் போட்டு வைத்தாள். மாலை வரை அந்தக் கப்பைச் சுற்றியே நடந்தேன். நிறம் மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் தொட்டியில் ஊற்ற விட்டாள்.

திங்கட்கிழமை சக்கரம் சுற்றியது. வெப்பமானி முதலில் அசையவே இல்லை. ஆலைக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எண் இறங்கியது, மெதுவாக, இறங்கிக்கொண்டே இருந்தது. மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அடுத்த கட்டத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மகளின் ஆராய்ச்சி அறிக்கை அச்சுக்குப் போகப்போகிறது. அதில் என்னைப் பற்றி இருப்பது ‘பட்டறை உதவி’ என்ற இரண்டு சொல்தான். பழம் பிழிந்த கதையையும் எழுதட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் சக்கரம் செய்தவன் யார், தகட்டைத் துருவிலிருந்து காப்பாற்றியவன் யார் என்று என் பெயரைப் போட்டு எழுத வேண்டும். எழுதாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது.