எலிகள் முகர்ந்த பாதை

சரண்யாதேவிக்கு உட்கார்ந்து பாடம் நடத்த வராது. மதுரைக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு வருடமாக நரம்பியல் கற்பிக்கிறார், கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தபடியே. பெற்றோர் வீரணனும் ராமக்காளும் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் கூலிகள். குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம் அவருடையது. அவரைப் பேராசிரியர் ஆக்கியது பதினோரு வருடத்துக்கு முன் வெளியான ஒரு கட்டுரை. வளைந்து வளைந்து வழிகள் போகும் மரப்பெட்டிக்குள் எலிகளை விட்டு, மூலிகைச் சாறு குடித்தவை தீனி இருக்கும் இடத்தைச் சீக்கிரம் நினைவில் வைத்துக்கொள்வதாக அதில் காட்டியிருந்தார்.

போன வருடம், அதே சோதனையை மறுபடி செய்துகொண்டிருந்த ஆய்வு மாணவி ஆர்த்திகா அவர் அறைக்கு வந்தாள்.

"மேடம், ஒவ்வொரு எலி போனதுக்கு அப்புறமும் பெட்டிய ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். சாறு குடிச்சதுக்கும் குடிக்காததுக்கும் வித்தியாசமே வரல."

"திரும்பப் பண்ணு."

"மூணு தடவ பண்ணிட்டேன். முன்னாடி போன எலியோட வாடையப் பிடிச்சுத்தான் பின்னாடி எலி போகுதோன்னு தோணுது."

"பதினோரு வருஷமா யாரும் சொல்லாதத நீ சொல்ல வாரியாக்கும்."

ஆர்த்திகா தலைகுனிந்து வெளியேறினாள். சரண்யாதேவி பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். சாறு குடித்த எலிகளை எல்லா நாளும், இடையில் பெட்டியைத் துடைக்காமல், இரண்டாவதாகத்தான் விட்டிருந்தார். கையெழுத்து அவருடையதே.

அன்று வீடு இருக்கும் வில்லாபுரத்தில் இறங்க மறந்து அவனியாபுரம் வரை பஸ்ஸில் போய்விட்டார். மறுநாள் முதல் மூன்று வாரம் தானே பெட்டியைத் துடைத்து எலிகளை விட்டுப் பார்த்தார். வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. முடிவு ஆர்த்திகா சொன்னதுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெறலாம். ஆனால் அவருடைய இன்னொரு மாணவன், பரவையைச் சேர்ந்த அருண்பாண்டி, அதன் மேல்தான் ஐந்து வருட ஆய்வைக் கட்டியிருந்தான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம்தான் பாக்கி. அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு மாசம் பொறுங்க மேடம். நான் சமர்ப்பிச்சுக்கிறேன். அப்புறம் என்னமும் பண்ணுங்க."

"தப்புன்னு தெரிஞ்ச பிறகு எப்படிப்பா நான் கையெழுத்துப் போட?"

"அத வச்சுத்தான நீங்க பேராசிரியர் ஆனீங்க. என் அஞ்சு வருஷம் அம்புட்டும் போகணுமா?"

அவன் கதவைச் சாத்தாமலே போனான். மூன்று நாள் கழித்து, கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு ஐந்து முறை திருத்திய கடிதத்தை, அது வெளியான இதழுக்கு அனுப்பினார். அன்றே ஆர்த்திகாவிடம் போய், "நீ சொன்னதுதாம்மா சரி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

கட்டுரை நீக்கப்பட்டது. கல்லூரி அவரை ஆய்வுக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலக்கியது. அருண்பாண்டிக்காக அவரே இரண்டு மூன்று பேரிடம் பேசி வேறொரு கைடைப் பிடித்துக் கொடுத்தார். அவனுக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவன் போனைப் பார்த்துக்கொண்டு கடந்துவிடுகிறான்.

ஆர்த்திகாவின் முடிவு அதே இதழில் வரப்போகிறது. சரண்யாதேவியோ தன் மற்ற ஒன்பது கட்டுரைகளின் நோட்டுகளையும் முதல் பக்கத்திலிருந்து சரிபார்க்கிறார். இதுவரை நான்கு முடிந்திருக்கிறது.