மழைக்காலத்துப் படை

வானவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் இன்பநாதன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை மொகலாயர்களும் மராட்டியர்களும் பிடித்து மூன்று வருஷமாகிறது. எல்லாரும் ஈயச் சிப்பாய்கள், ஒரு விரற்கடை உயரம். இன்பநாதனும் மனைவி பிலிஸும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வினை சர்ச்சில் தொடங்கியது. எழுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பழைய சுரூபங்களுக்கெல்லாம் இன்பநாதன்தான் வர்ணம் அடித்தார். பாதிரியார் அழைத்து வந்திருந்த, இன்பநாதனின் ஆபீஸ் அதிகாரி கர்னல் சிட்னிஸ் ஓர் இடையனைக் கையில் எடுத்துப் பார்த்து, "இவன் என்னையே முறைக்கிறானே, இன்பநாதன்!" என்றார். மறுவாரம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஈயப் பொம்மைகள் வந்து சேர்ந்தன.

கர்னலும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் போர் விளையாடுவார்கள். மேஜைமேல் அட்டையில் செய்த மலை. பக்கத்துக்கு இருபது ஆள். ஒவ்வொருவனும் தனியாக நகர்வான், தனியாகச் சுடுவான், பகடை விழுகிறபடி தனியாகச் சாவான். அதனால் ஒவ்வொருவனுக்கும் தனி முகம் வேண்டும் என்பது கர்னலின் கட்டளை. இன்பநாதன் மூன்று மயிர் மட்டும் மிச்சம் விட்ட பிரஷால் மீசை வைப்பார். கடைசியில் காலடியில் வட்டத் தகடு ஒட்டி, பசை தடவி, சலித்த மணல் தூவிக் காவி பூசுவார். கோடைக்காலத் தக்காணச் சண்டை. மண் காய்ந்துதான் கிடக்க வேண்டும்.

இதற்கிடையில் பிலிஸுக்குத் தெற்கே ஆவடியில் ஒரு கான்வென்டில் டீச்சர் வேலை கிடைத்தது. ஜூனில் சேரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மதர் சொல்லிவிட்டார். ஆவடிக்கு இடமாற்றம் கேட்டு இன்பநாதன் கொடுத்த பதலி மனு கர்னலின் கையெழுத்துக்காகக் கிடந்தது. வாய்விட்டும் கேட்டுப் பார்த்தார்.

"முதல்ல மொகலாயர் முடியட்டும்" என்றார் கர்னல்.

மொகலாயர் முடிந்தார்கள். குதிரைகள் வந்தன.

"நல்லா செய்யிறதாலதான் விடமாட்டேங்காரு" என்றாள் பிலிஸ். "ஒரு தடவை கெடுத்துக் குடுங்களேன்."

"எப்படிக் கெடுக்க?"

"ஒருத்தனுக்கு ஒண்ணரைக் கண்ணு வையுங்க."

வைத்தார். ஒன்றரைக் கண்ணன் மற்றவர்களைவிட உயிர்க்களையோடு இருந்தான். அதை அழித்துவிட்டுக் காலடி மண்ணைக் கெடுக்கப் போனார். குடிலுக்குப் புல்தரை போட்டு மிஞ்சிய பச்சைச் சாய மரத்தூள் வீட்டில் இருந்தது. மணலுக்குப் பதில் அதைத் தூவினார். பட்டாளம் முழுக்கப் பெத்லகேம் புல்லில் நின்றது.

பிலிஸ் குனிந்து பார்த்தாள். "ஆட்டுக்குட்டிதான் குறை."

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் கர்னல் ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் இறுகியது. "என்ன இது?"

"புல்லு, ஸாப்."

கர்னல் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொம்மை வேலை ஒழிந்தது என்று இன்பநாதன் சந்தோஷப்பட்ட நேரத்தில், விளையாட வந்திருந்த மேஜர் துள்ளி எழுந்தார். "அரே, மழைக்காலம்!"

"மழைன்னா வெடிமருந்து நனையும்" என்றார் கர்னல் மெதுவாக. "துப்பாக்கி வெடிக்காது. வெறும் வாள்தான்!"

பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. எந்தப் பகடைக்குத் துப்பாக்கி நமுத்துப்போகும், சேற்றில் குதிரை எத்தனை அங்குலம் போகும் என்று ஒரே சண்டை. இன்பநாதன் சுவரோரம் நின்றார். அப்புறம் கர்னல் வந்து தோளில் கைபோட்டார்.

"எங்க மூளைக்கு எட்டலையே இது! இனி எல்லாத்துக்கும் ரெண்டு செட். கோடைக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு."

"ஸாப், என் பதலி..."

"உன்னை விட்டா இதை யார் செய்வா? நான் ரிட்டயர் ஆகுற அன்னிக்கு முதல் கையெழுத்து உனக்குத்தான்."

அதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பிலிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஜூன்ல போறேன்."

"தனியாவா?"

"வேற எப்படி? மழைக்காலம் முடிஞ்சதும் நீங்க வாங்க."

அவள் குத்துவது புரிந்தது. கை சும்மா இருக்காமல் டப்பாவைத் திறந்து, காகிதம் சுற்றிய ஒருவனைப் பிரித்தது. வர்ணம் படாத, முகமில்லாத ஒருவன்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்.

"குக்கரை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் பிலிஸ். "ஒத்தை ஆளுக்கு இந்தச் சட்டி போதும்லா?"

"போதும்" என்றார் இன்பநாதன்.