மாடியில் வைத்த காற்று உருண்டை

அழகுத்தாய் அதிகம் பேசமாட்டாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, திருச்சுழிப் பக்கமிருந்து பாலவனத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போகிறாள். ஊருக்குக் கிழக்கே பெயிண்ட் கம்பெனி வந்ததிலிருந்து, சாயங்காலம் தின்னர் நெடி அடித்தால் மகள் சுகந்திக்கு மூச்சு இழுக்கிறது. "எல்லாம் உங்க வீட்டு அடுப்புப் புகைதான்" என்று கம்பெனியில் கைகழுவிவிட்டார்கள். அதனால்தான், மதுரையிலிருந்து காற்றை அளக்க வந்த பிருந்தாவுக்குத் தன் மாடியைக் கொடுத்தாள்.

பிருந்தா முக்காலியில் ஓர் எவர்சில்வர் உருண்டையை வைத்து அதன் வாயைத் திறந்துவிட்டாள். "நாளைக்கு வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா காத்தை இழுத்துக்கும்க்கா. யாரும் தொடாம பாத்துக்கங்க."

காலையில் பார்த்தால் முக்காலிக் காலில் சாரைசாரையாக எறும்பு. உருண்டைக்குள் புகுந்துவிட்டால்? அரிசிப் பானைக்குச் செய்வதுபோல, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மூன்று கால்களிலும் சுற்றினாள். உருண்டையைத் தொடவேயில்லை.

கீழே வந்ததும் புருசன் காளிராஜ் மூக்கைச் சுளித்தான். "ஏட்டி, நெடியைப் புடிக்க வச்ச சாமானுக்கு மண்ணெண்ணெய் அபிசேகமா?"

அவள் துணிகளை அவிழ்க்க மறுபடி மாடிக்கு ஓடப் பார்த்தாள்.

"விடு, நெடி கூடக் காட்டுனா நமக்குத்தான நல்லது? நீ வாயைத் தொறக்காத."

ஆனால் அந்த நெடி யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பார்களே. பிருந்தா படியேறி வந்ததும், தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

"ஐயோ அக்கா! மண்ணெண்ணெய் தனியாத் தெரியும். கம்பெனிக்காரங்க அதையே புடிச்சுக்குவாங்க. இது செல்லாது."

"வேற இருக்கா தாயி?"

"ஒன்னே ஒன்னு. இதுல கெடைக்கலைன்னா இப்போதைக்கு வழியில்லக்கா."

துணிகளைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டார்கள். எதிர்மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, புது உருண்டையை வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் மேற்கேயிருந்து மேல்காற்று வீசியது. நெடி துளியும் இல்லை. கீழே சுகந்தி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அழகுத்தாய் மாடிப்படியிலேயே உட்கார்ந்து கிழக்கே பார்த்தாள். வராதா, இன்றைக்கு மட்டும் வந்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. நினைத்ததும் அவளுக்கே பகீரென்றது. பெற்றவள் கேட்கிற வரமா இது?

இருட்டுகிற நேரத்தில் காற்று திரும்பியது. மூக்கில் சுருக்கென்று ஏறியது. வந்துவிட்டது! சந்தோசத்தில் அவள் எழுந்து நின்றபோது, கீழே சுகந்தி இருமத் தொடங்கினாள்.

அழகுத்தாய் படிகளில் விழுந்தடித்து இறங்கினாள்.